கல்லூரிப் பந்தும் காசுப் பந்தும்

(சங்கத்தின் கலந்துரையாடற் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இன்றைய கூட்டத்தில் இலக்கிய விஷயமொன்றையோ சமய விஷயமொன்றையோ எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். செயலாளர் என்னிடம் பேசச் சொன்னது விளையாட்டைப் பற்றி. அதுவும் விளையாட்டு வீரன் என்ற முறையில் அன்று. பார்வையாளன் என்ற முறையில். நான் எந்தக் கல்லூரியின் முதலாம் அணியிலும் ஆடியவனல்லன். வேலியோரத்து மரநிழலில் நின்றுகொண்டு துடுப்பாட்டக்காரனுக்கும் நடுவருக்கும் சேர்த்துப் புத்தி சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன். அந்தக் கூட்டத்துக்கும் அபிப்பிராயம் உண்டு. சுற்றி நிற்கிறவன் இல்லாவிட்டால் மைதானம் வெறும் காணிதானே.

இக்காலத்தில் இரண்டு வகையான ஆட்டத்தை நாம் பார்க்கிறோம். ஒன்று, கல்லூரிகள் தமக்குள் ஆடுவது. மற்றது, முதலாளிகள் அணியை வாங்கி, ஆட்டக்காரரை ஏலத்தில் எடுத்து, தொலைக்காட்சிக்கு விற்று நடத்துவது. முன்னையதைக் கல்லூரிப் பந்து என்றும் பின்னையதைக் காசுப் பந்து என்றும் நான் சொல்லிக்கொள்வதுண்டு. காசுப் பந்து என்று சொல்வதனால் அதனை இகழ்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அதைப் பார்ப்பதற்காக நித்திரையைக் கெடுத்துக்கொண்டவர்களுள் நானும் ஒருவன்.

முதலில் கல்லூரிப் பந்து. கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் பரி. தோமா கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1879ஆம் ஆண்டில் தொடங்கியது. இரண்டு உலகப் போர்களாலும் அதனை நிறுத்த முடியவில்லை. 1885ஆம் ஆண்டில் றோயல் கல்லூரி ஒன்பதே ஓட்டங்களுக்குச் சுருண்டது. மறுநாள் அவர்கள் மைதானத்துக்கு வரவில்லை. தோமா கல்லூரியார் அதனைத் தம் வெற்றி என்பர். றோயல் கல்லூரியார் அது வெற்றிதோல்வியின்றி முடிந்தது என்பர். நூற்று நாற்பது வருடமாக இந்த வழக்கு தீரவில்லை. தீரவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தீர்ந்துவிட்டால் பழைய மாணவர் இராப்போசனங்களில் பேசுவதற்கு வேறென்ன இருக்கிறது?

யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடி வருகின்றன. வடக்கின் பெரும்போர் என்று அதற்குப் பெயர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் சம்பத்திரிசியார் கல்லூரியும் ஆடுவது பொன் அணிகளின் போர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் கொக்குவில் இந்துக் கல்லூரியும் ஆடுவது இந்துக்களின் போர். போர், போர் என்று எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டோம். உண்மையான போர் எப்படியிருக்கும் என்று 2009 வரையில் கண்ட சனங்கள் நாம். அந்தக் காலத்தில் வடக்கின் பெரும்போர் நடைபெறாமற் போன ஆண்டுகளும் உண்டு. பெரிய போர் வந்தபோது சின்னப் போர் நின்றது. ஆதலால் இந்தப் பெயரை மாற்றவேண்டும் என்று சில நண்பர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாலையில் இரு பக்கத்தாரும் கைகுலுக்கிக்கொண்டு ஒரே கடையில் தேநீர் குடிக்கிற போருக்கு அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டுமே!

இந்தப் போட்டிகளிலே ஆட்டம் எப்போதும் உயர்ந்த தரத்தில் இருப்பதில்லை. பிடிகள் நழுவும். பதற்றத்தில் ஒருவருக்கொருவர் ஓடச் சொல்லி இருவரும் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். பாய் விரித்த ஆடுகளத்தில் பழகிய பையன் புல் ஆடுகளத்துக்கு வந்தால் பந்து எங்கே எழும், எங்கே தாழும் என்று தெரியாமல் திகைப்பான். இருந்தும் சனம் வருகிறது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் மாசி, பங்குனியில் விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறது. காரணம் வெளிப்படையானது. ஆடுகிற பையன் நமது ஒழுங்கையால் துவிச்சக்கரவண்டியில் போகிறவன். அவனுடைய தமையனை நமக்குத் தெரியும். தகப்பனார் அதே கல்லூரியில் அதே இலக்கத்தில் ஆடி அதே மாதிரிப் பூச்சியத்துக்கு ஆட்டமிழந்தவர் என்பதும் தெரியும்.

இனிக் காசுப் பந்துக்கு வருவோம். 2008இல் இந்தியாவில் ஐ.பி.எல். தொடங்கியது. குருநகரிலும் பாசையூரிலும் மீன் ஏலம் கூறக் கேட்டிருக்கிறோம். மனிதரை ஏலம் கூறுவதை அப்போதுதான் பார்த்தோம். 2024ஆம் ஆண்டு கார்த்திகையில், கிரிக்கெற்றோடு பெரிய சம்பந்தமில்லாத சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் நடந்த ஏலத்தில், ரிஷப் பந்த் 27 கோடி இந்திய ரூபாவுக்குப் போனார். அதே ஏலத்தில் வைபவ் சூரியவன்சி என்ற 13 வயதுப் பையனை 1 கோடி 10 இலட்சத்துக்கு வாங்கினார்கள். அடுத்த சித்திரையில், 14 வயதில், அவன் 35 பந்துகளில் சதம் அடித்தான். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். கைதட்டிவிட்டு உட்கார்ந்தபோது, இந்த வயதில் நமது பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்களே என்ற நினைவு வந்தது. அந்தப் பையனின் பெற்றோர் காசை வேண்டாமென்று சொல்லியிருக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பெற்றோர் சொல்லுவார்கள்? அடுத்த ஆண்டுகளில் அவனைப்போல் ஆகலாம் என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவைக்கப்போகிற ஆயிரம் பையன்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர்களை ஏலம் கூற யாரும் வரப்போவதில்லை.

நமது நாட்டில் 2020இல் லங்கா பிரிமியர் லீக் தொடங்கியது. நோய்க்காலமாதலால் முதலாவது ஆண்டில் எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இல்லாத மைதானத்தில் நடந்தன. யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி இருந்தது, அதுவே வென்றது. 2021இல் அந்த அணியை லைக்கா குழுமம் வாங்கி யாழ்ப்பாண மன்னர்கள் என்னும் பொருளில் ‘ஜவ்னா கிங்ஸ்’ என்று பெயரிட்டது. 2021இலும், 2022இலும், 2024இலும் அதுவே வெற்றிக் கிண்ணத்தை எடுத்தது. 2024 வரை நடந்த ஐந்து போட்டித் தொடர்களில் நான்கு யாழ்ப்பாணத்துக்கு! புறக்கோட்டையில் தெரிந்தவர்களைக் கண்டபோதெல்லாம் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஆனால் நிமிர்ந்து நடந்தவன் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் என்ன தெரிகிறது? அந்த ஐந்து தொடர்களில் ஒரு பந்தாவது யாழ்ப்பாண மண்ணில் வீசப்படவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகல, தம்புள்ளை என்று எல்லா இடத்திலும் யாழ்ப்பாணம் ஆடியது. யாழ்ப்பாணத்தில் மட்டும் ஆடவில்லை. 2024ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் சதம் அடித்து நமக்குக் கிண்ணத்தை வாங்கித் தந்தவர் றைலி றூசோ என்ற தென்னாபிரிக்கர். அற்புதமான ஆட்டம், அதில் ஐயமில்லை. அவருக்கு யாழ்ப்பாணம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. அவர் தமது தொழிலைச் செய்தார். வியாபாரத்தில் பெயரும் ஒரு சரக்கு. அதை வாங்கியவர்கள் நன்றாக விற்றார்கள். பெயருக்குச் சொந்தக்காரர்களான நமக்கு என்ன வாடகை கிடைத்தது என்று கேட்பது பேராசையா?

நியாயமாகப் பேசவேண்டுமானால் ஒரு வாடகை கிடைத்தது. மத்திய கல்லூரியில் படித்து, வடக்கின் பெரும்போரில் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020இல் அந்த அணியில் சேர்க்கப்பட்டார். சுழற்பந்து வீச்சாளர். 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஆடினார். 2024இல் ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல்.லிலும் பந்து வீசினார். கல்லூரிப் பந்திலிருந்து காசுப் பந்துக்கு ஒரு பாலம் போடலாம் என்பதற்கு அவரே அத்தாட்சி. காசுப் பந்து வந்திராவிட்டால் அவருடைய பெயர் யாழ்ப்பாணத்துக்கு வெளியே தெரிய இன்னும் பல காலம் சென்றிருக்கும். இதனாற்றான் நான் காசுப் பந்தை ஒரேயடியாகப் பழிப்பவர்களோடு சேர்வதில்லை. ஆயினும் ஒருவரைக் காட்டிக் காட்டி எத்தனை வருடத்துக்குத் திருப்திப்படுவது?

சூதின் கதையையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் முடிவை விலைக்கு விற்பதைக் குற்றமாக்கி நமது பாராளுமன்றம் 2019இல் சட்டம் இயற்றியது. பத்து வருடம் வரை சிறை. 2024இல் லங்கா பிரிமியர் லீக்கில் ஓர் அணியின் உரிமையாளரே அந்தச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டார். வழக்கைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பிடி நழுவினால், ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல வந்த வாய் ஒரு கணம் தயங்குகிறது. கல்லூரி மைதானத்தில் பையன் ஒருவன் பந்தை நழுவவிட்டால் நமக்கு அந்தத் தயக்கமில்லை, தாராளமாகத் திட்டலாம்.

இப்படிச் சொல்வதால் கல்லூரிப் பந்து பத்தரைமாற்றுத் தங்கம் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். காசுப் பந்தின் சம்பளம் கல்லூரிக்கு வரவில்லை. அதன் பழக்கங்கள் மட்டும் வந்துவிட்டன. வேறொரு பாடசாலையில் நன்றாகப் பந்து வீசுகிற பையனை, உயர்தர வகுப்புக்கு இடம் தருகிறோம் என்று சொல்லி இழுத்துக்கொள்வதை எல்லாரும் அறிவோம். சின்ன வகுப்பிலிருந்து அந்தப் பாடசாலையில் அவனைப் பழக்கிய ஆசிரியருக்கு ஒரு நன்றிக் கடிதம்கூடப் போவதில்லை. தோற்றுவிட்டால் பயிற்றுநரை மாற்று என்கிறார்கள். வெற்றி தோல்வி இல்லாமல் ஆட்டத்தைக் காப்பாற்றுவதற்காக இரண்டு மணித்தியாலம் நின்று மறித்த பையனைக் கோழை என்று கூவுகிறார்கள். இருபது ஓவர் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து நமது பொறுமை அவ்வளவு குறுகிப்போய்விட்டது. என்னைக் கேட்டால், தோல்வியின் வாசலில் நின்றுகொண்டு கடைசி விக்கெற்றுக்காக இருவர் மாலை மங்கும்வரை மறித்து ஆடுவதைப்போல் இன்பமான காட்சி கிரிக்கெற்றில் இல்லை. இன்றைய இளைஞர்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி விளையாட்டை அந்நாட்டார் நடத்துவதுபோல் வேறெவரும் நடத்துவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் உட்காரலாம். பயிற்றுநர்கள் கோடி கோடியாகச் சம்பளம் வாங்கினார்கள். ஆடுகிற மாணவனுக்கோ புலமைப்பரிசிலுக்கு மேல் ஒரு சதமும் கொடுக்கலாகாது என்று நெடுங்காலம் விதி இருந்தது. 2021 ஆடி மாதம் முதல் மாணவர் தமது பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து உழைக்கலாம் என்றார்கள். 2025இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் இணக்கத்தின்படி பல்கலைக்கழகமே மாணவருக்கு நேரே பணம் கொடுக்கலாம். முதலாவது ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 205 இலட்சம் டொலர் வரை. கல்லூரியின் தூய்மை போய்விட்டதென்று அங்கே பலர் புலம்புகிறார்கள். எனக்கு அந்தப் புலம்பல் விளங்கவில்லை. மற்றெல்லாரும் உழைத்துக்கொண்டு, ஓடுகிற பையனை மட்டும் தூய்மையாயிரு என்று சொல்லும் தூய்மை என்ன தூய்மை?

அமெரிக்க முறையில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது பணம் அன்று, வழி. பாடசாலை முடிந்தபின் ஆடுவதற்கு அங்கே ஒரு வழி இருக்கிறது. அந்த வழியால் நமது பிள்ளையும் ஒருவர் போயிருக்கிறார். மத்திய கல்லூரியில் உயரம் பாய்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் பங்குபற்றினார். பின்னர் லொஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பாய்ந்தார். 1958இல் தோக்கியோவில் 6 அடி 8 அங்குலம் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்தார். திறமை நமது மண்ணில் பிறந்தது. அது முற்றுவதற்கு ஒரு பல்கலைக்கழக மைதானமும், பயிற்றுநரும், சில வருட அவகாசமும் வேண்டியிருந்தன.

இங்கே அந்தச் சில வருடம்தான் இல்லை. பாடசாலைக் கிரிக்கெற் 19 வயதோடு முடிகிறது. அதற்கு மேலே முதற்தரக் கிரிக்கெற் ஆடும் கழகங்கள் பெரும்பாலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன. 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகம் சதாசிவத்துக்கும் முரளிதரனுக்கும் மைதானம் கொடுத்தது. 1982இல் இலங்கையின் முதலாவது ரெஸ்ற் ஆட்டம் அந்த மைதானத்தில்தான் நடந்தது. ஆனால் பொரளைக்கு வந்து தங்க அறையும், சாப்பாட்டுக்குக் காசும், ஒரு சிறு உத்தியோகமும் இல்லாத பையன் அந்தக் கழகத்தின் வாசலுக்கு எப்படி வருவான்? எனக்குத் தெரிந்த ஒரு வேகப்பந்து வீச்சாளன் இருக்கிறான். மூன்று வருடம் பெரிய ஆட்டத்தில் பந்து வீசினான். மூன்றாம் வருடம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். இப்போது தொலைபேசி திருத்தும் கடையொன்றில் நிற்கிறான். பிரான்சுக்குப் போகக் காசு கட்டியிருக்கிறான். தொலைபேசி திருத்துவது குறைவான தொழிலென்று நான் சொல்லவில்லை. தோளில் தூக்கிய கூட்டத்தில் நானும் கத்திக்கொண்டு போனேன். இறக்கிவிட்ட பிறகு அவன் எங்கே போனான் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

பெண்பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் உலகறிந்தவர். 6 அடி 10 அங்குல உயரம். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் எல்லா நாட்டாரையும்விட அதிகமான கோல்களைப் போட்டவர் அவரே. இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை 2009இலும், 2018இலும், 2022இலும் வென்றபோது அவர் அதில் இருந்தார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் தாமே வைத்துத் தாமே உடைத்தவர். இவர்கள் ஆடும்போது நமது ஊரில் லொறியில் கொடி கட்டிக்கொண்டு பாண்ட் வாத்தியத்தோடு யாராவது போனதுண்டா? மாணவியர் வலைப்பந்தாட்ட இறுதியாட்டங்களில், ஆடுகிற பதினான்கு பேரைக் கழித்தால், பார்ப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளியூரில் ஒரு பதக்கம் கிடைத்தால் மாத்திரம் பொன்னாடையோடு வந்து வரிசையில் நிற்கிறோம்.

2025 புரட்டாதி முதலாந் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெற் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். நல்ல காரியம். பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் சர்வதேச ஆட்டம் என்பது கேட்கவே இனிக்கிறது. நான் உயிரோடிருந்தால் முதலாவது ஆட்டத்துக்கு முதலாவது வரிசையில் இருப்பேன். ஆனால் பெரிய மைதானம் வந்தால் பெரிய ஆட்டக்காரர் தாமாக முளைப்பார்கள் என்று எண்ணுவது, கோபுரத்தைக் கட்டிவிட்டால் பூசகர் தாமாக வருவார் என்பதைப் போன்றது. மண்டைதீவில் ஆடப்போகிற பையன் இன்றைக்குப் பாய் கிழிந்த ஆடுகளத்தில், ஐந்து பேருக்கு ஒரு துடுப்பாக வைத்துக்கொண்டு பழகிக்கொண்டிருக்கிறான்.

நமது பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாடுகளிலிருந்து திரட்டும் பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு பெரிய ஆட்டத்துக்கே போய்விடுகிறது: மேற்சட்டை, பந்தல், ஒலிபெருக்கி, விருந்து. அதில் பாதியை ஒதுக்கிப் பாடசாலையை விட்ட 19 வயதுக்கும் 23 வயதுக்கும் இடைப்பட்ட பையன்களுக்கு, கல்லூரிப் பெயரிலேயே ஓர் அணி அமைத்து, சனிக்கிழமை தோறும் இரண்டு நாள் ஆட்டமாக ஆடவிட்டால் என்ன? யாழ்ப்பாணத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஆடும் முதலாளிகளும் அதற்கு ஒரு பங்கு கொடுக்கட்டும்; வாடகை என்று நான் முன்னே சொன்னது அதைத்தான். அந்த அணிகளில் நன்றாக ஆடுகிற இரண்டு மூன்று பேருக்குக் கொழும்பில் ஓர் அறை எடுத்துக் கொடுப்பது நமது சங்கம் போன்ற ஒன்றினால் முடியாத காரியமா? இங்கே கொழும்பில் வியாபாரம் செய்யும் அங்கத்தவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். கடையில் அரைநாள் வேலை, மீதி அரைநாள் பயிற்சி என்று ஒருவரை வைத்துக்கொள்ள ஆயத்தமானவர்கள் இருந்தால், கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். கேள்வி உள்ளவர்கள் கேட்கலாம்; 1885ஆம் ஆண்டு ஒன்பது ஓட்ட ஆட்டத்தில் யார் வென்றது என்பதை மட்டும் கேட்கவேண்டாம். இந்த மண்டபத்தில் இரண்டு கல்லூரியாரும் இருக்கிறார்கள். எனக்கு வீடு போய்ச் சேரவேண்டும்.